மூச்சோடு போக வேண்டிய மருந்து



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தேன். தோட்டத்து மக்கள் வாயில் அந்த உத்தியோகத்துக்கு 'டிரெசர்' என்று பெயர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஜனவரி மாதத்து இரவு ஒன்றில், மணி ஒன்றரை இருக்கும், என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் வெளியே ஒரே பனிமூட்டம். தோளில் கம்பளி சுற்றிய ஏழு வயதுப் பையனோடு ஒரு தாய் நிற்கிறார். அவருக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பையனின் தாத்தா.

"ஐயா, சாயங்காலத்துல இருந்து இழுக்குது. பம்ப் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டோம், ஒண்ணும் கேக்கல. மருந்து கெட்டுப் போச்சு போல இருக்கு" என்றார் அந்த அம்மா.

மருந்து கெட்டுப் போகவில்லை. முந்தைய வாரம் நானே கொடுத்த பம்ப் அது. "தம்பி, எப்படி அடிச்சே, காட்டு பார்ப்போம்" என்றேன். பையன் பம்பை வாய்க்குள் வைத்தான், உதட்டை மூடவில்லை. அழுத்தினான். மருந்து நாக்கில் பட்டு, அப்படியே வாய் வழியாக வெளியே வந்தது. குளிர்ந்த காலையில் பேசும்போது நம் வாயிலிருந்து ஆவி வருமே, அதைப் போல. ஆவி எல்லாம் வெளியே போன பிறகுதான் அவன் மூச்சை உள்ளே இழுத்தான்.

மருந்தகத்தைத் திறந்து, ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குழாயை எடுத்து, அவன் கொண்டுவந்த பம்பையே அதில் பொருத்தினேன். ஒவ்வொரு பஃப்பாக நான்கு கொடுத்தேன். சிறிது நேரம் பொறுத்து மறுபடி நான்கு. அரை மணி நேரத்தில் பையன் முழு வாக்கியமாகப் பேசினான். பசிக்கிறது என்றான். அதே பம்ப், அதே மருந்து.

அந்தப் பையன் ஓராண்டாக என் பதிவேட்டில் இருந்தவன். பம்ப் தீர்ந்ததும் வருவார்கள், நான் வேறொன்று கொடுப்பேன், அட்டையில் எழுதுவேன். ஒரு நாளாவது "செய்து காட்டு" என்று நான் கேட்டதில்லை. தவறு அந்தத் தாயுடையதல்ல, பையனுடையதுமல்ல. பம்ப் கொடுத்தால் என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இன்று உங்களோடு பேச வந்தது அதைப் பற்றித்தான்: ஆஸ்துமா உள்ள குழந்தைக்குப் பம்ப் மருந்தை எப்படிக் கொடுப்பது?

முதலில் இந்த நோய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறிவரும் மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவு வளைவாக, ஒடுக்கமான பாதை. சில நாள் அதில் லோரிகள் நெருக்கியடித்து நின்றுவிடும். வேறு சில நாள் மழையில் மண் சரிந்து பாதையில் பாதியை மூடிவிடும். இரண்டிலும் போக்குவரத்து நிற்கிறது; ஆனால் காரணம் வேறு, பரிகாரமும் வேறு. நெரிசலென்றால் ஒரு போலீஸ்காரர் வந்து விசில் ஊதினால் போதும், பத்து நிமிடத்தில் வழி கிடைக்கும். மண் சரிவுக்கு அவர் என்ன செய்ய முடியும்? ஜே.கே.ஆர் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நாள் கணக்கில் வேலை செய்ய வேண்டும்.

நம் நுரையீரலுக்குள் போகும் மூச்சுக் குழாய்களிலும் இந்த இரண்டும் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. அது லோரி நெரிசல். குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி சுரக்கிறது. அது மண் சரிவு. நீலப் பம்பிலுள்ள சால்புட்டமால் என்ற மருந்து தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் பலன் தெரியும். நான்கைந்து மணி நேரம் நிற்கும். வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது பெக்லோமெத்தசோன், புடெசனைட், ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு பம்புகள். பழுப்பு, ஆரஞ்சு என்று நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், "இது உடனே மூச்சு விடுவதற்கா, தினமும் தடுப்பதற்கா?" என்று கேட்டு, பம்பின் மேல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்கிறார்களே, கேமரன் மலையில் பிறந்த பிள்ளைக்கு ஏன் இழுப்பு வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. அந்தப் பேச்சு சுவிட்சர்லாந்து நாட்டு டாவோஸ் போன்ற இடங்களிலிருந்து வந்தது. அங்கே காற்று உயரமாக மட்டுமல்ல, வறட்சியாகவும் இருக்கிறது. ஒவ்வாமையைத் தூண்டும் தூசிப் பூச்சிகள் அந்த வறட்சியில் பிழைப்பதில்லை. நம் மலை அப்படியா? 1885இல் வில்லியம் கேமரன் நில அளவை செய்த இந்த மேட்டு நிலம் ஓயாத மழையும் மூடுபனியும் கொண்டது. இரவில் 15 டிகிரி வரை குளிரும். துவைத்த துணி மூன்று நாள் காயாது. சுவரோரம் பூஞ்சணம் பூக்கும். மெத்தை எப்போதும் ஈரமாகவே இருக்கும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் மக்கள் இங்கே கொழுந்து பறித்து வந்திருக்கிறார்கள். குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு, உள்ளே விறகு மூட்டிக் குளிர் காய்வதும் அன்றிலிருந்தே வந்த பழக்கம். இப்போது பெரும்பாலான வீடுகளில் கேஸ் அடுப்புதான். ஆனாலும் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, வீட்டுக்குள்ளேயே பிடிக்கும் சிகரெட், இவை போகவில்லை. சாமிக்குச் சாம்பிராணி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தை படுக்கும் அறையில் போடாதீர்கள், கதவைத் திறந்து வைத்துப் போடுங்கள் என்பேன்.

தேயிலைத் தூசி பற்றியும் கேட்கிறார்கள். தொழிற்சாலைக்குள் பறக்கும் நுண்ணிய பஞ்சு போன்ற தூசியால் சில தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதை இலங்கையில் டாக்டர் சி. ஜி. உரகொட 1970இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். அது தொழிற்சாலைக்குள் வேலை செய்பவர்களைப் பற்றிய செய்தி. மலைச்சரிவில் நிற்கும் பச்சைத் தேயிலைச் செடியால் பிள்ளைக்கு இழுப்பு வந்ததாக நான் கண்டதில்லை. என்றாலும் அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்தால், சட்டையை மாற்றிக் கை கால் கழுவிய பிறகு பிள்ளையைத் தூக்குவது நல்லது. உண்மையில் சிறு பிள்ளைகளுக்கு இழுப்பை அடிக்கடி கிளப்பிவிடுவது இவையெல்லாம்கூட அல்ல. சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். அந்தக் காலத்தில் ஜனவரியில் பள்ளி திறக்கும். திறந்த இரண்டாம் வாரம் என் மருந்தகத்தில் உட்கார இடம் இருக்காது.

இனி மருந்துக்கு வருவோம். "பம்ப் எதற்கு? சிரப் கொடுங்கள், குடித்துவிடுவான்" என்று சொல்லும் தாய்மார்கள் பலர். பம்ப் கடுமையான மருந்து, சிரப் லேசானது என்ற எண்ணம். கணக்கைப் பாருங்கள். நீலப் பம்பின் ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம் சால்புட்டமால். அதே மருந்தின் சிரப் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லியில், 2 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது 2,000 மைக்ரோகிராம். ஒரு கரண்டி சிரப், இருபது பஃப்புக்குச் சமம்! அது வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கடைசியில் கொஞ்சம் நெஞ்சுக்கு வருகிறது. அதற்குள் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பிள்ளை தூங்குவதில்லை. பம்ப் மருந்து நேரே போக வேண்டிய இடத்துக்குப் போவதால் இத்தனை குறைந்த அளவு போதுமாகிறது. எது லேசான மருந்து என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பம்ப் பிறந்ததே ஒரு சிறுமியின் கேள்வியால்தான். 1955இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேய்சன். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவருடைய மகள், அன்றைய கண்ணாடிக் குமிழ்க் கருவியோடு மல்லுக்கட்டி அலுத்துப் போய், "தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் போல இந்த மருந்தையும் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாதா?" என்ற கருத்தில் தந்தையிடம் கேட்டாளாம். 1956இல் முதல் பம்ப் விற்பனைக்கு வந்துவிட்டது. சால்புட்டமால் பம்ப் 1969இல் வந்தது. ஸ்டீராய்டு பம்ப் 1972இல் வந்தது. கேட்டது குழந்தை, ஆனால் வந்த கருவியோ குழந்தையின் கைக்குச் சுலபமானதாக இல்லை. அழுத்துவதும் மூச்சிழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். பெரியவர்களே தடுமாறுகிற வித்தை அது. மருந்து பம்பிலிருந்து வெகு வேகமாகச் சீறி வருகிறது. வளைந்து தொண்டைக்குள் திரும்ப அதற்கு நேரம் இல்லை. பெரும்பகுதி நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் அடித்து நின்றுவிடுகிறது.

அதற்குத்தான் ஸ்பேசர். பம்புக்கும் வாய்க்கும் நடுவே ஒரு காலிக் குழாய், அவ்வளவுதான். சீறி வரும் மருந்து அதற்குள் வேகம் தணிந்து மிதக்கிறது. குழந்தை தன் போக்கில் மூச்சுவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் இல்லாமல் பம்ப் கொடுப்பது, ஓட்டைப் போத்தலில் தண்ணீர் பிடிப்பதைப் போன்றதுதான்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். முடிந்தால் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், மூடியில்லாமல் பையில் கிடந்த பம்புக்குள் ஐந்து காசு நாணயம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அழுத்தியிருந்தால் அது தொண்டைக்குப் போயிருக்கும். புதுப் பம்ப் என்றாலோ, சில நாட்களாக எடுக்காத பம்ப் என்றாலோ, இரண்டு முறை வெளியே அழுத்திவிடுங்கள். நம் மலைக் குளிரில் காலையில் டப்பா சில்லென்று இருக்கும். சில்லிட்ட டப்பாவில் மருந்து சரியாக வெளிவராது. உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் போதும். அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது, வெடித்துவிடும். பிறகு நன்றாகக் குலுக்குங்கள். ஸ்பேசரின் பின்பக்கத்தில் பம்பை நேராகப் பொருத்துங்கள். குழந்தை நிமிர்ந்து உட்கார வேண்டும், அல்லது நிற்க வேண்டும்; படுத்தபடி வேண்டாம். குழாயின் வாய்ப்பகுதியைப் பற்களுக்கு இடையில் வைத்து, உதட்டால் இறுக்கமாக மூடச் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். குழந்தை சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விடட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு திறந்து மூடுவது தெரியும், அதை எண்ணுங்கள். இரண்டாவது பஃப் வேண்டுமானால் மறுபடி குலுக்கி, மறுபடி முதலிலிருந்து. இரண்டையும் ஒன்றாக அழுத்திவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறோம். மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதிக் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பெரிய பிள்ளைகள், சொன்னால் புரிந்துகொள்பவர்கள், மெதுவாக ஆழ்ந்து ஒரு மூச்சு இழுத்துப் பத்து எண்ணும்வரை அடக்கிவிடலாம். சில ஸ்பேசர்களில் வேகமாக இழுத்தால் விசில் சத்தம் வரும். மெதுவாக இழு என்பதற்கான எச்சரிக்கை அது. பையன்கள் அதைப் பரிசு என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஊதலாக்கி விளையாடுவார்கள்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர் வேண்டும். மூக்கும் வாயும் மூடும்படி, இடைவெளி இல்லாமல் அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். இங்கே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: "அழும்போது நன்றாக மூச்சு இழுப்பான், அப்போதே அடித்துவிடுவோம்" என்பது. அழுகை என்பது நீண்ட வெளிமூச்சு. நடுவே ஒரு விக்கல் அளவுக்குத்தான் உள்மூச்சு. முகமூடியும் விலகிவிடும். அழும் குழந்தைக்கு மிகக் குறைவான மருந்தே போகிறது. முகமூடியை விளையாடக் கொடுங்கள், பொம்மைக்கு வையுங்கள், அம்மா தன் முகத்தில் வைத்துக் காட்டட்டும். மடியில் உட்கார வைத்துப் பழக்கினால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். தூங்கும்போது நைசாகக் கொடுப்பதும் பெரும்பாலும் பலிப்பதில்லை, விழித்துக்கொண்டு அழும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில வேளை தூள் மருந்துக் கருவி கொடுக்கிறார்கள். அதற்கு முறை நேர் எதிர்: குலுக்கக் கூடாது, ஸ்பேசர் கூடாது, பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். கருவி மாறினால் முறை மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, கொடுப்பவரிடமே செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஸ்பேசர் இல்லாவிட்டால்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் குழந்தை மருத்துவர் ஹெதர் ஸாரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்துப் பார்த்து, 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 500 மில்லி பிளாஸ்டிக் குளிர்பானப் போத்தலின் அடியில் பம்பின் வாய் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, பம்பைச் செருகி, இடுக்கைக் காற்றுப் போகாமல் அடைத்துவிட்டு, போத்தலின் வாயைக் குழந்தையின் வாயில் வைத்தார்கள். 5 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு நிகராக அது வேலை செய்தது. இடுக்கை அடைக்காத போத்தல் அவ்வளவு நன்றாக இல்லை. தெர்மாகோல் கோப்பை மிக மோசம். ஆகவே ஆபத்து நேரத்தில் கையில் ஸ்பேசர் இல்லையே என்று தவிக்க வேண்டாம். கழுவிய போத்தல், சூடாக்கிய கம்பி, ஒட்டும் நாடா, இவை இருந்தால் போதும். அதற்காகப் போத்தலிலேயே காலம் தள்ளாமல், கிளினிக்கில் கேட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பேசரைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக வைப்பது நம் பெண்களின் நல்ல பழக்கம். இங்கே மட்டும் அது கெடுதல். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும். தலை சீவிய சீப்பு காகிதத் துண்டை இழுப்பதைச் சிறுவயதில் விளையாடிப் பார்த்திருப்பீர்களே, அதுதான். வாங்கியவுடன் ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும், வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அலசி எடுத்து, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். வாய் வைக்கும் இடத்தை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நெபுலைசர் இயந்திரத்தில் புகை வைத்தால்தான் கேட்கும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. மிகக் கடுமையான இழுப்பைத் தவிர்த்து மற்றவற்றில், ஸ்பேசர் வழியாகக் கொடுத்த பம்ப் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்றும், பிள்ளைகளின் நெஞ்சுப் படபடப்பு இதில் குறைவு என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இயந்திரம் பெரிதாக இருப்பதாலும் சத்தம் போடுவதாலும் நமக்கு அதன் மேல் மரியாதை.

இப்போது தடுப்புப் பம்பைப் பற்றி. நான் பார்த்தவரையில் வீடுகளில் மிகவும் புறக்கணிக்கப்படுவது இதுதான். காரணம், அடித்தவுடன் எதுவும் தெரியாது. மண்வெட்டி வேலை அல்லவா, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் இரவு இருமல் குறைவது தெரியும். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று தோன்றியதும் நிறுத்திவிடுகிறோம். அவன் நன்றாக இருப்பதே அந்தப் பம்பினால்தான். நிறுத்திய மூன்றாம் வாரம் ஒரு சளி பிடிக்கிறது. நள்ளிரவில் மீண்டும் டார்ச் விளக்கு.

ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயப்படுகிறார்கள். பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறுவயதில் நான்கைந்து ஆண்டுகள் புடெசனைட் பம்ப் உபயோகித்த பிள்ளைகளை, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு அளந்து பார்த்தார்கள். உபயோகிக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள் என்று 2012இல் அறிவித்தார்கள். ஒரு விரல் அகலத்துக்கும் குறைவு. இதற்கு எதிர்த் தட்டில், இரவெல்லாம் தூங்காமல், பள்ளிக்குப் போகாமல், ஓடியாடாமல் கழியும் பிள்ளைப் பருவத்தை வைத்துப் பாருங்கள். நோய் அடங்கிய பிறகு டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நாமாகக் குறைக்க வேண்டாம். தடுப்புப் பம்ப் அடித்ததும் பிள்ளை வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். முகமூடி போட்ட குழந்தைக்கு முகத்தையும் துடைத்துவிடுங்கள். பல் தேய்ப்பதற்கு முன்னால் பம்ப் என்று வைத்துக்கொண்டால் இந்த வேலை தானாக நடந்துவிடும்.

நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பது இப்போது உலகளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆஸ்துமாவுக்கான அனைத்துலக வழிகாட்டிக் குழுவான ஜினா 2019இல், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுக்கும் முறையைக் கைவிட்டது. சிறுவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்தின் துணை வேண்டும் என்பதே அதன் போக்கு. பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே பம்பைக்கூட இப்போது தருகிறார்கள். வீட்டிலேயே கண்டுகொள்ள ஓர் அடையாளம் சொல்கிறேன்: வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீலப் பம்ப் தேவைப்பட்டாலும், இழுப்பாலோ இருமலாலோ பிள்ளை இரவில் எழுந்தாலும், நோய் அடங்கவில்லை என்று பொருள். அப்போது கேட்க வேண்டியது இன்னொரு நீலப் பம்பையல்ல.

பம்பில் மருந்து இருக்கிறதா என்று குலுக்கிப் பார்ப்பதும், தண்ணீரில் மிதக்கவிடுவதும் பழைய பழக்கம். இரண்டையும் நம்ப முடியாது. 200 பஃப் தீர்ந்த பிறகும் வெறும் வாயு சீறிக்கொண்டுதான் இருக்கும். எண் காட்டும் பம்பானால் எண்ணைப் பாருங்கள். இல்லையென்றால், காலை இரண்டு மாலை இரண்டு என்றால் 50 நாள். ஆரம்பித்த தேதியை டப்பாவில் எழுதிவிடுங்கள்.

இழுப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டம் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் பல நாடுகளில் சொல்லித்தரும் எளிய கணக்கு இது: பிள்ளையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீலப் பம்பை ஸ்பேசர் வழியாக, ஒரு பஃப், நான்கு மூச்சு. இப்படி நான்கு பஃப். நான்கு நிமிடம் பொறுங்கள். தேறவில்லையென்றால் இன்னும் நான்கு. அதற்கும் தேறவில்லையென்றால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள், அல்லது வண்டியை எடுங்கள். வழியிலும் அதே முறையில் கொடுத்துக்கொண்டே போங்கள். பிள்ளையால் வாக்கியம் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, சோர்ந்து கண் செருகுகிறது என்றால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். முதல் பஃப்போடு கிளம்புங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கீச்சுக் கீச்சென்ற இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று, பிள்ளை இன்னும் திணறிக்கொண்டிருந்தால், அது குணமல்ல. சத்தம் போடும் அளவுக்குக்கூட உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம். தானா ராத்தாவில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. ஆனால் உள்தோட்டத்து லயத்திலிருந்து, மழை இரவில், அந்தப் பாதையில் வந்து சேர எத்தனை நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பொழுது சாயும்போதே இழுப்பு கூடுகிறதென்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது என்கிறேன்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு பம்பும் ஸ்பேசரும் இருக்க வேண்டும். வகுப்பாசிரியருக்கு அது இருக்குமிடம் தெரிய வேண்டும். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று ஒளித்து வைக்கும் பையன்களை எனக்குத் தெரியும். ஓட்டப் பந்தயத்திலிருந்து பிள்ளையை விலக்கி வைப்பதும் சரியல்ல. நோய் அடங்கியிருந்தால் அவனும் ஓடலாம்.

அந்த ஜனவரி இரவுக்குப் பிறகு, பதிவேட்டிலிருந்த இழுப்புக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, "செய்து காட்டு" என்று கேட்டேன். சரியாகச் செய்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஒரு பாட்டி மூடியைக் கழற்றாமலே இத்தனை நாள் பேத்திக்கு அடித்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். தடுப்புப் பம்பும் ஸ்பேசரும் பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்த தகர டப்பாவுக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு துணிப்பையில் தொங்கின. காலையும் மாலையும் மூச்சை எண்ணும் பொறுப்பைத் தாத்தா எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு எண்ணினால் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் கொழுந்து நிறுவையில் எண்ணிப் பழகியவர். உரத்த குரலில் பத்துவரை எண்ணினார். நான் திருத்தவில்லை.